உங்கள் ஜாதகத்தில் சனி யார்?

"பலன் பார்க்கறதுக்கெல்லாம் இல்ல தோழர், என்னை நானே புரிஞ்சுக்கறதுக்குத்தான்."

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரியும் பெரியவர்கள் இல்லை. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், என்னோடு ஆய்வு செய்பவர்கள், ஏப்ரல் 14 அன்று நீலத் துண்டோடு வந்து அண்ணல் சிலைக்கு மாலை போடுகிறவர்கள். இவர்கள் ராகு காலம் பார்ப்பதில்லை, பரிகாரக் கோயிலுக்குப் போவதில்லை. ஆனால் அலைபேசியில் ஒரு செயலி இருக்கும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் அதில் ஏறியிருக்கும். "எனக்குச் சந்திரன் விருச்சிகத்துல, அதான் எதையும் வெளிய சொல்ல மாட்டேங்கறேன்" என்று ஒருவர் சொல்ல, "எனக்குச் சனி ஏழுல, அதான் எந்த உறவும் நிக்கறதில்ல" என்று இன்னொருவர் சொல்வார். துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையோரம் ஜோதிட நிலையப் பலகைக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டே, பலகையைக் கிண்டல் செய்துகொண்டே, இந்தப் பேச்சு நடக்கும்.

இதைச் சிரித்துவிட்டுக் கடப்பது எளிது. கோள்கள் எத்தனை கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன என்று தொடங்கும் பதில் அவர்களுக்கும் மனப்பாடம். கோள் தங்களை இயக்குகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அது ஒரு மொழி, மனதில் இருப்பதைப் பேச உதவும் சொற்களின் தொகுப்பு என்கிறார்கள். அதையே ஏற்றுக்கொண்டு பேசுவோம். ஒரு மொழி என்றால் அதற்கு அகராதி இருக்கும், இலக்கணம் இருக்கும், அதை யார் எப்போது எழுதினார்கள் என்ற வரலாறும் இருக்கும். அந்த அகராதியைப் புரட்டினால் சாதி தென்படுகிறது. அதுவும் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட அழுக்காக அல்ல, சொற்களின் பொருளாகவே தென்படுகிறது.

முதலில் 'வேத ஜோதிடம்' என்ற பெயரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வேதாங்க ஜோதிடம் என்று ஒரு பழைய நூல் உண்டு. வேள்விக்கு நாள் குறிக்க உதவும் நாட்காட்டிக் கணக்கு அது. அதில் பன்னிரண்டு ராசிகள் இல்லை, லக்னம் இல்லை, பிறப்பு ஜாதகம் என்ற ஒன்றே இல்லை. ராசிக் கட்டம் வைத்துப் பலன் சொல்லும் முறை கிரேக்கர்களிடமிருந்து வந்தது. ஹோரை, கேந்திரம் என்ற சொற்களிலேயே கிரேக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் மேஷத்தைக் கிரியம் என்றும் ரிஷபத்தைத் தாவுரி என்றும் கிரேக்கப் பெயராலும் குறித்தவர். மிலேச்சர்களாக இருந்தாலும் இந்தச் சாத்திரம் அறிந்ததால் யவனர்கள் ரிஷிகளைப் போல் மதிக்கப்படுகிறார்கள் என்று எழுதியவரும் அவரே. 'தன்னை அறிதல்' என்ற பகுதி இன்னும் புதிது. ஆலன் லியோ என்ற ஆங்கிலேய ஜோதிடர் பிரம்மஞான சபைக்காரர், அடையாறுக்கு வந்து போனவர். குறி சொல்லி ஏமாற்றியதாக லண்டனில் அவர் மீது இரண்டு முறை வழக்கு வந்தது, 1917இல் அபராதமும் விழுந்தது. தான் வருங்காலம் சொல்லவில்லை, குணப் போக்குகளைத்தான் சொல்கிறேன் என்பது அவருடைய வாதம். இன்று நம் நண்பர்கள் சொல்லும் வாக்கியம் ஒரு நூற்றாண்டுக்கு முன் லண்டன் நீதிமன்றத்தில் தற்காப்பாகச் சொல்லப்பட்டது.

சரி, அது தன்னை அறிய உதவுகிறதா? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. அதன் வரிகளைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 1985இல் ஷான் கார்ல்சன் என்ற இயற்பியலாளர் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியானது. மூன்று ஜாதக விளக்கங்களைக் கொடுத்து இதில் உன்னுடையது எது என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் கிடைக்கும் அளவுக்குத்தான், மூன்றில் ஒன்று, சரியாக வந்தது. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆட்களால் தங்கள் உளவியல் தேர்வு முடிவையும் அடையாளம் காண முடியவில்லை. ஆக, தன்னை அறிவது எல்லோருக்குமே கடினம்தான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், நரேந்திர தபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்போடு சேர்ந்து புனேயில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் குழந்தைகளின் ஜாதகங்களையும் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து 27 ஜோதிடர்களுக்குத் தலா 40 அனுப்பினார்கள். அதிகபட்சமாகச் சரியாகச் சொன்னவர் 24. நாணயத்தைச் சுண்டினாலே 20 வரும். தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொன்றார்கள்.

இவையெல்லாம் பொய் என்பதற்கான சான்றுகள். ஆனால் "பொய்யா இருந்தா என்ன, எனக்கு உதவுது" என்பவரிடம் இந்தச் சான்றுகள் செல்லாது. அவரிடம் பேச வேண்டியது அகராதியைப் பற்றித்தான்.

வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் இன்றும் ஜோதிடம் கற்பவர்களுக்கு அடிப்படை நூல். அதன் இரண்டாம் அத்தியாயம் கோள்களை அறிமுகம் செய்கிறது. சூரியனும் சந்திரனும் அரசர்கள். செவ்வாய் படைத்தலைவன். புதன் இளவரசன். வியாழனும் வெள்ளியும் அமைச்சர்கள். சனி வேலைக்காரன். அடுத்து வர்ணம் வருகிறது. வியாழனும் வெள்ளியும் பிராமணர், சூரியனும் செவ்வாயும் சத்திரியர், சந்திரன் வைசியர், புதன் சூத்திரர். நான்கும் தீர்ந்துவிட்டன, இன்னும் ஒரு கோள் மிச்சம் இருக்கிறது. சனி அந்தியஜர்களுக்கு உரியது, கடைசியில் பிறந்தவர்களுக்கு. ஒவ்வொரு கோளுக்கும் வசிப்பிடம் உண்டு. ஒன்றுக்குக் கோயில், ஒன்றுக்குக் கருவூலம், ஒன்றுக்குப் படுக்கையறை, சனிக்குக் குப்பைமேடு. ஒவ்வொன்றுக்கும் உடை உண்டு, சனிக்குக் கிழிசல். உடல் மெலிந்தது, பல் பெரியது, மயிர் முரடு, சுபாவம் சோம்பல்.

ஏவல், கந்தல், குப்பை, கடைசிப் பிறப்பு. இதைப் படிக்கும்போது எனக்கு வளையம் சூழ்ந்த ஒரு கோளின் படம் மனதில் வருவதில்லை. ஊருக்குக் கிழக்கே, சாக்கடை முடியும் இடத்தில் இருக்கும் தெருவின் படம் வருகிறது. இதை எழுதியவருக்குச் சனிக்கோள் எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தத் தெருவை அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததை எடுத்து வானத்தில் வைத்திருக்கிறார். பிற்காலத்து ஜோதிட நூல்கள் சனியின் காரகத்துவம் என்று போடும் பட்டியலையும் பாருங்கள். அடிமை, கூலி, தோல், இரும்பு, துப்புரவு என்றுதான் நீளும்.

புதிய செயலிகள் இதைத் துடைத்துத் தருகின்றன. சனி இப்போது கண்டிப்பான ஆசிரியர், உழைப்பின் மதிப்பைக் கற்றுத் தருபவர், முப்பது வயதை ஒட்டித் திரும்பி வந்து உங்களை முதிர்ச்சியாக்குபவர். வேலைக்காரனும் கூலியும் 'ஒழுக்கம்', 'பொறுமை', 'தாமதம்' என்று மொழிபெயர்க்கப்பட்டுவிட்டன. ஆனால் மூலப்பொருள் எங்கும் போகவில்லை. பரிகாரம் என்று வரும்போது அப்படியே எழுந்து வந்து நிற்கும். ஏழரைச் சனியா, துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை உணவு கொடுங்கள், செருப்பு வாங்கிக் கொடுங்கள், கறுப்புத் துணி கொடுங்கள். ஜோதிட இதழ்களிலும் யூடியூபிலும் இந்த அறிவுரையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கருணை என்று தோன்றும். ஏன் அவர்கள், ஏன் சனிக்கிழமை என்று கேட்டால்தான் கணக்குப் புரியும்.

என் சின்னம்மா துடியலூர்ப் பக்கம் வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை மதியம் வீடு திரும்பும்போது பையில் எள் சாதப் பொட்டலம் இருக்கும். சில வாரம் ஜாக்கெட் துணி, கறுப்பு. சில வாரம் ரப்பர் செருப்பு. அளவு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "இந்தாங்க ஆயா, வாங்கிக்கோங்க, பையனுக்கு ஏழரை நடக்குதுங்க" என்று சொல்லியேதான் கொடுப்பார்கள். மறைப்பதே இல்லை. சின்னம்மா எள் சாதத்தைத் தொட மாட்டார். "அவிய பீடையை நாம எதுக்குக் கண்ணு திங்கோணும்" என்பார். துணியை மட்டும் வைத்துக்கொள்வார். "துணிக்கு என்ன தெரியும்" என்பார். பள்ளிக்கூடப் படி ஏறாத சின்னம்மாவுக்கு இந்தப் பரிவர்த்தனையின் தத்துவம் முழுக்கத் தெரியும். கொடுப்பவருக்குப் பிடித்திருப்பது இறங்க ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பாக இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மானுடவியலில் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். குளோரியா ராஹேஜா உத்தரப் பிரதேசத்தின் பஹன்சு என்ற ஊரில் ஆய்வு செய்து 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கொடைக்குள் இருக்கும் நஞ்சு பேசப்படுகிறது. நிலம் வைத்திருக்கும் குஜ்ஜர்கள் தங்கள் அமங்கலத்தைத் தானத்தோடு சேர்த்துப் பிற சாதியினருக்குக் கடத்துவதை அவர் வரிசையாகப் பதிவு செய்தார். அங்கே வாங்குபவர்களில் பிராமணர்களும் உண்டு, நாவிதரும் துப்புரவுச் சாதியினரும் உண்டு. நம் ஊரில் சனிக்கிழமைப் பொட்டலம் யாருடைய கைக்குப் போகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது "சனி எனக்குப் பொறுமை கத்துக் கொடுத்துச்சு" என்று சொல்லும் நண்பரை நினைத்துப் பாருங்கள். அவர் தன்னைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் அந்தச் சொல்லின் உள்ளே என் சின்னம்மா இருக்கிறார். நண்பரும் என் தெருக்காரராகவே இருந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். தன் வாழ்க்கையின் எல்லாக் கெடுதலுக்கும் அவர் வைக்கும் பெயர், அவருடைய பாட்டனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும், தெரியும். ஜோதிடத்தில் வர்ணம் என்பது சாதி இல்லை, மனப்பாங்கு. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசி, மிதுனம், துலாம், கும்பம் சூத்திர ராசி. ஐயர் வீட்டுப் பிள்ளையும் கும்ப ராசியில் பிறந்தால் சூத்திரன்தானே என்பார்கள். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. பிறப்பால் அல்ல, குணத்தால் என்ற இந்த வசனம் நமக்குப் புதிதில்லை. கீதைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் காலங்காலமாகச் சொல்வது. ஆனால் ஜாதகத்தில் இந்த வாதம் தானாகவே கவிழ்ந்துவிடுகிறது, ஏனென்றால் இங்கே குணத்தைத் தீர்மானிப்பதே பிறந்த நேரம். பிறப்பால் இல்லையாம், பிறந்த நிமிடத்தால்தானாம்! வட இந்தியப் பொருத்தத்தில் 36 புள்ளிகளில் ஒன்று வர்ணத்துக்கு. மணமகன் வர்ணம் மணமகள் வர்ணத்துக்குச் சமமாகவோ உயர்வாகவோ இருந்தால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும். மனப்பாங்குதான் என்றால் பெண்ணின் மனப்பாங்கு உயர்ந்திருந்தால் என்ன கெட்டுவிடும்? அது அனுலோமம், மனுவின் திருமண விதி. நம் ஊர்ப் பத்துப் பொருத்தத்தில் வர்ணம் கிடையாது. மகிழ்ச்சியடைய வேண்டாம். இங்கே வர்ணத்தை ஜோதிடரிடம் வருவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

அதற்கு வருமுன் நேரத்தைப் பற்றி ஒன்று. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அதை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அப்படியென்றால் ஜாதகம் என்பது கடிகாரம் இருந்த வீட்டின் ஆவணம். பிரசவ அறைக்கு வெளியே ஒருவர் நேரம் குறிக்க நிற்க வேண்டும், குறித்ததை ஒரு நோட்டில் எழுத வேண்டும், அந்த நோட்டு மழையில் நனையாமல் இருக்க ஓட்டு வீடோ பெட்டியோ வேண்டும். என் அம்மாவின் பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டது. நேரம் கேட்டால் பாட்டி "ரெண்டாஞ் சங்கு ஊதறப்போ" என்பார். கோவையில் மில் சங்குதான் எங்கள் ஆட்களுக்குக் கடிகாரம். பண்ணையத்தில் இருந்த இன்னும் பழைய தலைமுறைக்கு அதுவும் இல்லை, "மாடு அவுத்து உடற நேரம்" என்பதோடு சரி. இப்படிப்பட்டவர்களுக்கு ஜோதிடத்தில் பெயர் ராசி என்று ஒரு சமாளிப்பு உண்டு, பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் கணிப்பது. அந்தப் பெயரும் பல வீடுகளில் பண்ணையக்காரர் வைத்ததாக இருக்கும். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குக் கோயிலில் பூ போட்டுத்தான் கேட்டார்கள். செலவும் இல்லை, பொய்யும் சுருக்கம்.

திருமணத்தில்தான் இந்த மொழி தன் முழு வேலையையும் செய்கிறது. கொங்கு வட்டாரத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். படிவத்தில் முதலில் சாதி, பிறகு உட்பிரிவு, பிறகு கூட்டம், நிலபுலம், படிப்பு, கடைசியில் ராசி, நட்சத்திரம். 27 நட்சத்திரமும் எல்லாச் சாதிக்கும் பொது. ஒரு கவுண்டர் வீட்டுப் பையனுக்கும் ஓர் அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் வர எந்தத் தடையும் இல்லை. கணக்குப்படி அப்படிப்பட்ட ஜோடிகள் கோவை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். எந்த ஜோதிடராவது அப்படியொரு ஜோடியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாரா? 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், அகமணம்தான் சாதியின் சாரம் என்றார். ஜாதகம் அந்த வேலிக்குள் யாரோடு யார் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது. வேலியை அது ஒருபோதும் தாண்டியதில்லை.

ஆனால் வேலியைக் காக்க மிக நன்றாகப் பயன்படுகிறது. காதலித்தவர்களிடம் கேளுங்கள். "சாதி வேற, முடியாது" என்று நேராகச் சொல்லக் கூசும் படித்த குடும்பங்கள் "ஜாதகம் பார்த்துடலாமுங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்பார்கள். இரண்டு வாரம் கழித்து ரஜ்ஜு தட்டும். யாரும் யாரையும் இழிவுபடுத்தவில்லை, வன்கொடுமை எதுவும் நடக்கவில்லை, நட்சத்திரம்தான் ஒத்துவரவில்லை. இவ்வளவு நாகரிகமாக மறுக்க வேறு கருவி இல்லை. அந்த நாகரிகம் போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2015இல் கோகுல்ராஜும் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே சங்கரும் கொல்லப்பட்டபோது பார்த்தோம். பெண்களுக்கு இது சொந்தச் சாதிக்குள்ளேயே நடக்கும். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. நான்கும் புகுந்த வீட்டைக் காப்பாற்றும் விதிகள். பெண்ணின் தகப்பனுக்கு ஆகாத மாப்பிள்ளை நட்சத்திரம் எது என்று யாரும் கேட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஜோதிடத்தைப் பார்ப்பனர்களின் சொத்து என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வள்ளுவர் சமூகம் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக நாள் கணித்தவர்கள், ஜாதகம் எழுதியவர்கள் அவர்கள். கேரளத்தில் கணியர்கள் அப்படி. அயோத்திதாசர் வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் என்ற பெயர்களைப் பௌத்த மரபோடு இணைத்து எழுதினார். பட்டியல் சாதிக்காரர் ஒருவரிடம் ஆதிக்கசாதிக்காரர்கள் வந்து நல்ல நாள் கேட்டுப் போனது நடந்திருக்கிறது. அந்தக் கணிதத்தை, அவர்கள் மனதிலேயே போட்ட கணக்கு முறைகளை, ஓர் அறிவு மரபாக ஆவணப்படுத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் செய்ய ஆர்வமாக இல்லை என்பது தனிக் கதை. ஆனால் நாள் குறித்துக் கொடுத்தவர் அந்தக் கல்யாணப் பந்தியில் எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். சனியின் வர்ணம் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பௌத்தத்தை எடுத்தால் வேறொரு குரலும் கேட்கிறது. பாலி பிரம்மஜால சூத்திரம் கோள்பலன் சொல்லிப் பிழைப்பதைத் துறவிக்கு ஆகாத கீழான வித்தைகளில் சேர்க்கிறது. ஜாதகக் கதைகளிலேயே ஜாதகத்தைக் கிண்டல் செய்யும் கதை ஒன்று இருக்கிறது, 49ஆவது. நகரத்துக் குடும்பம் ஒன்று கிராமத்தில் பெண் பேசி நாளும் குறித்துவிட்டது. பிறகுதான் தங்கள் ஆஜீவகத் துறவியிடம் போய் நாள் எப்படி என்று கேட்டார்கள். முன்பே தன்னைக் கேட்கவில்லை என்ற கோபத்தில் அவர், இன்றைக்குக் கிரகம் சரியில்லை என்றார். இவர்கள் போகவில்லை. சமைத்து வைத்துக் காத்திருந்த பெண் வீட்டார், வராதவர்களுக்காக எவ்வளவு நேரம் நிற்பது என்று வேறொருவருக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மறுநாள் இவர்கள் வந்து சண்டை போட்டதுதான் மிச்சம். கிரகத்தை விட ஜோதிடரின் கோபம் அந்தக் கதையில் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனாலும் இவ்வளவு படித்த பிள்ளைகள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதல் தலைமுறையாகப் படித்து, வாடகை அறையில் தனியாக இருந்து, நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசி நடிக்கும் ஒருவருக்குத் தன்னைப் பற்றி யாராவது பத்து நிமிடம் பேசினால் போதும் என்று இருக்கிறது. மனநல ஆலோசகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, கொடுத்தாலும் அவருக்குச் சாதி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறுகிறது. ஜோதிடச் செயலி நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் பேசுகிறது. உங்களுக்கு உள்ளே ஒரு வலி இருக்கிறது என்கிறது. இருக்கத்தானே செய்கிறது.

எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் "இந்த ரெண்டரை வருஷம் எனக்கு அஷ்டமச் சனி" என்றார். அந்த இரண்டரை ஆண்டில் நடந்ததைக் கேட்டேன். உதவித்தொகை ஒன்பது மாதம் வரவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. நெறியாளர் தலைப்பை இரண்டு முறை மாற்றச் சொன்னார். விடுதியில் "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு" என்று ஒருவர் கேட்ட பிறகு இரண்டு பேர் பேசுவதை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் சேர்த்து அவரிடம் இருந்த ஒரே பெயர் சனி. சனி என்று சொன்னால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை, புகார் எழுதச் சொல்வதில்லை, 'எல்லாத்துலயும் சாதியைப் பார்க்காதே' என்று உபதேசம் செய்வதில்லை. அதோடு சனி இரண்டரை ஆண்டில் பெயர்ந்துவிடும். நெறியாளரும் கோப்பும் அப்படி உறுதி கொடுப்பதில்லை. அவர் சோகத்துக்கு அந்தச் செயலி ஒரு தேதி போட்டுக் கொடுத்தது, காரணங்களின் பெயர்களை அழித்துவிட்டு.

இதை அரசே பாடமாக்கியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2001இல் முரளி மனோகர் ஜோஷி அமைச்சராக இருந்தபோது பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிர் விஞ்ஞானத் துறைகள் தொடங்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. உயிரியலாளர் புஷ்ப பார்கவா வழக்குத் தொடர்ந்தார். 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் முதுகலைப் படிப்பே தொடங்கியது. நட்சத்திரங்களைப் பற்றிக் கார்ல் சாகனைப் போல எழுத ஆசைப்பட்ட ரோஹித் வெமுலா என்ற ஆய்வாளர் 2016 ஜனவரியில் உதவித்தொகை நிறுத்தப்பட்ட நிலையில் உயிரை விட்டதும் இதே நாட்டின் பல்கலைக்கழகத்தில்தான்.

துடியலூரிலிருந்து அதே சாலையில் வடக்கே போனால் மேட்டுப்பாளையம், அங்கே நடூர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் அருந்ததியர் குடியிருப்பின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். பெண்கள், ஆண்கள், குழந்தைகள். வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு நேரத்தில் பிறந்தவர்கள். கட்டங்களைப் போட்டால் வெவ்வேறு லக்னம், வெவ்வேறு தசை வரும். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது தெருவும் அந்தச் சுவரும். சுவரின் உயரத்தைப் பற்றி அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள்.

தன்னை அறிய வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் ஆட்கள் அதை நன்றாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 1992இல் பாமா 'கருக்கு' எழுதினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பின்னர் அச்சான நினைவுக் குறிப்புகளை எழுதினார். அம்பேத்கரின் பிறந்த நாளை வைத்து ஜாதகம் கணித்து, இந்த யோகத்தால்தான் அரசமைப்புச் சட்டம் எழுதினார் என்று காட்டும் பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவரே தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இடம் வேறு. 1901இல், அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் புதுத் துணி உடுத்தி ரயிலேறி, மசூர் நிலையத்தில் இறங்கி நின்ற மாலை அது. அப்பா அனுப்ப வேண்டிய ஆள் வரவில்லை. அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, பிள்ளைகள் மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறி நகர்ந்துவிட்டார். மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் நடந்து வருவதாக.